சுமார் பாட்டின் மகிமை

எல்லாக் காலத்துக்குமாக உங்களுக்கு மிகப் பிடித்த இசை ஆல்பம் எது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லும் தமிழர் அபூர்வம். ஒருவர் ‘ராஜா சாரோட எல்லாமே’ என்பார். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள முடியாது, விசுவாசப் பிரமாணம் என்று வேண்டுமானால் பதிவு செய்துகொள்ளலாம். இன்னொருவர் ஒன்று கேட்டால் பதினைந்து சொல்லிவிட்டு, பதினாறாவதை விட்டுவிட்டேனே என்று மறுநாள் போன் போட்டு வருந்துவார். மூன்றாமவர் முக்கோணமும் வானவில்லும் அச்சடித்த பனியனை நீவிவிட்டுக்கொண்டே பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ என்பார். அதில் நாலாவது பாட்டு எது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேள்வி ரசனையைப் பற்றியது என்றாலும் பதிலாக வருவது பெரும்பாலும் உறுப்பினர் அட்டைதான்: ராஜா கட்சி, ரகுமான் கட்சி, இரண்டையும் பார்த்துச் சிரிக்கும் எம்.எஸ்.வி. கட்சி. இத்தனை தடுமாற்றத்துக்கும் காரணம் தேர்வு முறை தலைகீழாக இருப்பதுதான் என்பேன். ஆல்பத்தின் ஆகச் சிறந்த பாட்டை வைத்து எல்லோரும் ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியது அதிலுள்ள ஆகச் சுமாரான பாட்டை வைத்து.

நிபுணர்களிடம் விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். விட்டுப் பார்த்தாயிற்று. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 2003-இல் இசைத்துறை ஆட்களிடம் ஓட்டு வாங்கி, எல்லாக் காலத்துக்குமான 500 மகத்தான ஆல்பங்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்துக்கு. 2020-இல் அதே பத்திரிகை மறுபடி ஓட்டு வாங்கியபோது மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ 24-ஆம் இடத்துக்கு இறங்கியது. நடுவில் அந்த ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆக, எல்லாக் காலம் என்பதன் நீளம் 17 ஆண்டு. சரி, ஜனநாயகத்திடம் விடுவோம் என்றால் அதற்கும் சான்று இருக்கிறது. பிபிசி உலக சேவை 2002-இல், ஆல்பத்துக்குக்கூட அல்ல, ஒற்றைப் பாட்டுக்கு உலகளாவிய வாக்கெடுப்பு நடத்தியது. அதில் ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா’ நான்காம் இடம். குயின் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாம் இடம். தமிழனாகப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமாகப் பேசினால், எந்தப் பாட்டு உயர்ந்தது என்பதைவிட, ஓட்டுப் போடுவதில் எந்த ஊர்க்காரருக்குச் சுறுசுறுப்பு அதிகம் என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டுகிறது. நாசாவும் தப்பவில்லை. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் வேற்றுக்கிரகவாசிகளுக்காகத் தங்கத் தட்டு ஒன்று வைத்து அனுப்பியபோது, பாக், பீத்தோவன், சக் பெர்ரி, நம் கேசர்பாய் கேர்க்கர் என்று 27 இசைத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினார்கள். வியாழனைத் தாண்டிக் கலம் விடத் தெரிந்தவர்களுக்கும் ஒரே ஒரு ஆல்பத்தைக் கைகாட்டத் துணிச்சல் வரவில்லை.

இந்த முறைகள் எல்லாம் தோற்பதற்கு ஒரே காரணம்தான். நல்ல பாட்டுக்கு ஆல்பத்தின் தயவு தேவையில்லை. 78 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். அதில் வந்த பாட்டு தன் காலில் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் கடையிலேயே தூசி படிந்து கிடக்க வேண்டியதுதான். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் அதை நிரப்ப வேண்டும் அல்லவா? எந்த மேதைக்கும் நாற்பது நிமிடத்துக்கு மேதைமை தொடர்ந்து சுரப்பதில்லை. அப்படித்தான் சுமார் பாட்டுக்கு முதன்முதலாக நிரந்தர முகவரி கிடைத்தது. தனியாக விட்டால் பிழைக்க முடியாத பாட்டு, கூட்டத்தோடு சேர்ந்து பிழைத்தது. ஆல்பம் என்ற வடிவம் உலகுக்குப் புதிதாகத் தந்தது என்று ஒன்று உண்டு என்றால் அது இந்தச் சுமார் பாட்டுதான். கல்யாண விருந்தைப் பாயசத்தை வைத்து யாரும் எடை போடுவதில்லை. பாயசம் எந்தப் பந்தியிலும் இனிக்கத்தான் செய்யும். சமையற்காரரின் கை தெரிவது ரசத்தில்.

நம் ஊரில் இந்த உண்மையைக் கேசட் இன்னும் கறாராகப் போதித்தது. ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று வந்த கேசட்டில், பிடிக்காத பாட்டைத் தாண்டுவது சாமானியக் காரியம் அல்ல. பித்தானை அழுத்திக் குத்துமதிப்பாக நிறுத்தினால் அடுத்த பாட்டின் இரண்டாம் சரணம் வரும். பின்னோக்கிச் சுற்றினால் வேண்டாத பாட்டின் வயலின் வரும். இந்த அல்லாட்டத்துக்கு அந்தப் பாட்டையே கேட்டுத் தொலைக்கலாம் என்று தமிழ்நாடே முடிவு செய்தது. அப்படிக் கேட்டுத் தொலைத்ததில் சில பாட்டுகள் ஒட்டிக்கொண்டன, பல ஒட்டவில்லை. ஒட்டிக்கொண்ட பாட்டுகள் எந்த ஆல்பத்தில் இருந்தனவோ அதுதான் உண்மையில் நல்ல ஆல்பம். இதற்கு எதிர்ச்சோதனையும் நடந்திருக்கிறது. கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடத்துக்கும் தேர்ந்த பாட்டாகவே பதிவு செய்து வாங்கியவர்கள் இருந்தார்கள். சிகரத்துக்குப் பின் சிகரமாக வரும் அந்தக் கேசட்டுகளில் மூச்சு விட இடமில்லை. அப்படி ஒன்றைத் தன் வாழ்நாளின் ஆல்பம் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆகவே சோதனை இதுதான்: ஆல்பத்தின் ஆகச் சுமாரான பாட்டை எடுங்கள். அதை நீக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வருகிறதா? வந்தால் அது உங்கள் ஆல்பம். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 1982-இல் ஒன்பது பாட்டுகளோடு வந்தது. அவற்றில் ஏழு அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் போயின. மிச்சம் இரண்டு எவை என்று கேட்டால் பெரும்பாலோர் கூரையைப் பார்ப்பார்கள். ‘பேபி பி மைன்’, ‘த லேடி இன் மை லைஃப்’ என்று தயங்காமல் சொல்கிறவருக்குத்தான் ‘த்ரில்லர்’ பிடிக்கும். மற்றவர்களுக்குப் பிடித்தது அந்த நடனம். ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் ஜார்ஜ் ஹாரிசனின் ‘விதின் யூ விதவுட் யூ’ பாட்டோடு தொடங்குகிறது. தில்ரூபா, தபேலா, தம்புரா என்று இந்திய வாத்தியங்கள் முன்னால் நிற்கும் பாட்டு. மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் வாசிக்கவே இல்லை. பக்கத்தின் முதல் பாட்டு என்பதால் தவிர்ப்பதும் எளிது. ஊசியைச் சற்று உள்ளே தள்ளி வைத்தால் போதும். அப்படித் தள்ளி வைத்த வெள்ளைக்காரர்கள் ஏராளம். தள்ளாமல் கேட்டவர்களுக்கு முடிவில் ஒரு சிரிப்புச் சத்தம் பரிசாகக் கிடைக்கும். அந்த ஆல்பம் அவர்களுடையது.

ஒப்பிடுவதே பாவம் என்று ஒரு சாரார் உண்டு. இளையராஜாவே 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் ஒரு துண்டுக்கு ‘டோன்ட் கம்பேர்’ என்று பெயர் வைத்துவிட்டார், இனி என்ன பேச்சு என்பார்கள். அந்த ஆல்பம் யாருக்குச் சமர்ப்பணம் என்று பார்த்துவிட்டு அவர்கள் பேச வேண்டும். தியாகையருக்கும் பாக்குக்கும். திருவையாற்றுக்காரரையும் ஜெர்மனிக்காரரையும் ஒரே உறையில் உட்கார வைத்துவிட்டு ஒப்பிடாதே என்பது, ஒப்பிடச் சொல்வதற்கு இருக்கும் வழிகளிலேயே நேர்த்தியானது. என் ஆல்பத்தில் சுமார் பாட்டே கிடையாது என்பது அடுத்த தடை. எல்லோரும் நூறு வாங்கியதாகச் சொல்லப்படும் வகுப்பிலும் யாரோ ஒருவர் மெய்யாகவே நூறு வாங்கியிருக்க மாட்டார். குற்றமற்றது என்று உலகமே கொண்டாடும் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாம். 1959-இல் அதைப் பதிவு செய்தபோது ஒரு கருவி மெதுவாக ஓடியதால், தட்டில் முதல் மூன்று உருப்படிகளின் சுருதி சற்று ஏறிப் பதிந்துவிட்டது. அதைத் திருத்தி வெளியிட்டது 1992-இல். அதற்கு முந்தைய ஆண்டு மைல்ஸ் டேவிஸ் காலமாகியிருந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் உலகம் சுருதி பிசகிய தட்டைத்தான் குற்றமற்றது என்று நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தது. நம் சபாக்களின் முன்வரிசை மாமாக்களிடம் கொடுத்திருந்தால் இடைவேளைக்குள் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இளமை நினைவுதான் இப்படிப் பேச வைக்கிறது, பதினாறு வயதில் கேட்டதெல்லாம் அமுதம் என்பது கனமான தடை. பாதி உண்மையும்கூட. ஆனால் இளமை நினைவு யாருடைய வக்கீல் என்று பாருங்கள். டீக்கடையில், பேருந்தில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஓயாமல் ஒலித்த பாட்டுகளுக்குத்தான் அது வாதாடும். சுமார் பாட்டை எந்த டீக்கடைக்காரரும் போட்டதில்லை. அது ஆல்பத்தை முழுதாகக் கேட்டவரின் காதுக்கு மட்டுமே வந்தது. ஆகவே சுமார் பாட்டின் மேல் உங்களுக்குப் பிரியம் இருக்கிறது என்றால், அதை ஊரோ வயதோ ஊட்டியிருக்க முடியாது. நினைவின் கலப்படம் இல்லாத ஒரே சாட்சி அதுதான். ஆல்பமே செத்துவிட்டது, இனி விரலால் தள்ளிவிடும் காலம் என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2021-இல் பாடகி அடெல் தன் ‘30’ ஆல்பம் வெளியான கையோடு, ஆல்பப் பக்கத்தில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பித்தானை முன்னால் நிறுத்தாதீர்கள் என்று ஸ்பாட்டிஃபையிடம் கேட்டார். அந்நிறுவனமும் மாற்றியது. வரிசை செத்துப்போயிருந்தால் அதற்காக வழக்காட யாரும் வந்திருக்க மாட்டார்கள். தள்ளிவிட வசதி இருந்தும் தள்ளாமல் கேட்கிற பாட்டுக்குக் கேசட் காலத்தைவிட இப்போதுதான் மதிப்பு அதிகம்.

சினிமாப் பாட்டுத் தொகுப்பை ஆல்பம் என்பதே தவறு, இயக்குநர் சொன்ன சூழலுக்குத் தைத்துக் கொடுத்தது எப்படி ஆல்பமாகும் என்பது கடைசித் தடை. மேலைநாட்டு ஆல்பங்கள் ஏதோ ஒரே கருவில் பிறந்தவை என்ற நினைப்பில் எழுவது இது. ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ கற்பனைப் பேண்டு வாத்தியக் குழு ஒன்றின் நிகழ்ச்சி என்று தொடங்குகிறது. இரண்டு பாட்டுக்குள் அந்தக் குழு காணாமல் போய், முடிவுக்குச் சற்று முன்தான் தலைகாட்டுகிறது. தன் பாட்டுகளுக்கும் அந்தக் கருவுக்கும் சம்பந்தமில்லை என்று ஜான் லெனனே சொல்லியிருக்கிறார். நம் சினிமாவிலோ காதல், பிரிவு, தாய், தோழமை, திருவிழா என்று சூழல்களைக் கதையே பங்கிட்டுத் தருவதால், ஒரே தொகுப்பில் ஓர் ஊரே குடியேறிவிடுகிறது. படத்தை மீறியும் அது வாழ்கிறது. அதற்குச் சான்று ‘தளபதி’தான். அதில் உள்ள ‘புத்தம் புது பூ’ படத்தில் இடம்பெறவே இல்லை. காட்சியே இல்லாத அந்தப் பாட்டு ஆல்பத்தில் மட்டும் இத்தனை ஆண்டுகளாகப் பூத்துக்கொண்டிருக்கிறது.

இனித் தீர்ப்பு. என் முறைப்படி எல்லாக் காலத்துக்குமான ஆல்பம், 1991-இல் வந்த அந்தத் ‘தளபதி’யே. வாலியின் வரிகளில் ஏழு பாட்டுகள். மணிரத்னமும் இளையராஜாவும் சேர்ந்து செய்த கடைசிப் படம். ‘ராக்கம்மா’ இருப்பதால் இந்தத் தீர்ப்பு என்று நினைக்க வேண்டாம். ஆட்டப் பாட்டின் நடுவில் அப்பர் தேவாரத்தைக் கொண்டுவந்து வைத்த அந்தப் பாட்டுக்கு எந்த ஆல்பத்தின் தயவும் வேண்டாம். ‘சுந்தரி கண்ணால்’ பாட்டின் பிரம்மாண்டத்துக்கும் வேண்டாம். ஒன்றரை நிமிடமே ஓடும் ‘யமுனை ஆற்றிலே’ தன் சுருக்கத்தாலேயே புகழ்பெற்றுவிட்டது. நான் சாட்சிக்கு அழைப்பது ‘மார்கழிதான்’ பாட்டை. ஏழில் ஆகச் சுமார் அதுதான் என்பதில் ராஜா கட்சிக்குள்ளேயே பெரிய தகராறு இருக்காது. அது ஒரு போகிப் பாட்டு. கூட்டமாகப் பாடிவிட்டுக் கலைகிறது. அதை நீக்கிப் பாருங்கள். கர்ணன் கதையைத் தழுவிய அந்தப் படத்தின் பெருங்காதலும் பெருந்துயரமும் பெருநட்பும் மட்டும் மிஞ்சும். கதையின் நாயகர்களெல்லாம் யாருக்காக இவ்வளவு பாடுபடுகிறார்களோ அந்தத் தெருக்காரர்களுக்கு ஆல்பத்தில் குரலே இருக்காது. ‘காட்டுக்குயிலு’ பாட்டில் பழையதைக் கொளுத்தச் சொல்லும் அந்த உற்சாகத்துக்கு முதல் பொறி இந்தப் போகியில்தான் விழுகிறது. இதை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘ரோஜா’ என்று சொல்லுங்கள், ‘சிந்து பைரவி’ என்று சொல்லுங்கள், ‘த்ரில்லர்’ என்றே சொல்லுங்கள். ஆனால் ஆல்பத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் அதில் உள்ள சுமார் பாட்டின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அது ஞாபகத்துக்கு வரவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்தது ஆல்பம் அல்ல, ஒரு பாட்டு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அதைப் பாட்டு என்றே சொல்லிவிடுங்கள், வாக்குவாதம் பாதியாகக் குறையும்.