சடைநாய்க்குச் சீப்பு ஆகலையாம்!

ஏலே பேராண்டி, அந்த போனைக் கீழ வச்சுட்டு இங்கன வா. காலையிலேருந்து ஒன் ஷிட்ஸூ கட்டிலுக்கு அடியில கெடக்கு. நீ கட்டிலுக்கு வெளிய கெடக்கே. "அவன் ரொம்ப சென்சிட்டிவ் தாத்தா, பிரஷ் பண்ணவே விட மாட்டான்"ங்கே. அப்படியா? ரெண்டு வாரமாச் சீவாத சடைக்குள்ள கம்பி பிரஷை விட்டு வெடுக்குன்னு இழுத்தா நீ சிரிச்சுக்கிட்டா உக்காந்திருப்பே?

பையை அவுத்துக் காட்டு பாப்போம். கம்பி பிரஷ் மூணு. மணக்குற ஸ்ப்ரே ரெண்டு. ஓட்ஸு போட்ட ஷாம்பு. அதுக்கு மேல பூச ஒரு கண்டிஷனர். தலையில கட்ட ரிப்பன். பொறந்தநாளுக்குக் குல்லாய். ஆமா, சாதாரணச் சீப்பு ஒண்ணு எங்கலே? அது இல்லியா! ஒங்க பாட்டி கல்யாணத்துக்குக் கொண்டாந்த சீருல இம்புட்டுச் சாமான் கெடையாது. ஆனா சீப்பு இருந்துச்சு.

நம்ம பக்கத்து நாயைப் பாத்திருக்கேல்ல? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. ஒட்டுன தோலு, குட்டை முடி. ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தாச் சோலி முடிஞ்சுது. ஒன் ஷிட்ஸூ திபெத்து வம்சம். சீன அரமனையில செல்லமா வளந்த சாதி. அங்கன சடை சீவி விட ஆளு அம்பு இருந்திருக்கும். ஒன் கூட்டாளி வச்சிருக்கானே கோல்டன் ரெட்ரீவர், அது 1868-ல ஸ்காட்லாந்துல ட்வீட்மவுத்து பிரபு தொடங்கி வச்ச கூட்டம். குளுந்த தண்ணிக்குள்ள குதிச்சு, சுட்டு விழுந்த பறவையைக் கவ்விக்கிட்டு வரணும். அதுக்குத்தான் அடியில மெத்துமெத்துன்னு ஒரு முடி, மேல தண்ணி ஒட்டாம ஒரு முடி. கோவில்பட்டிக் கரிசல்ல அது கவ்விக்கிட்டு வர என்ன இருக்கு? நீங்க எறியிற ரப்பர் பந்துதான். இருக்கட்டும், வாங்கியாச்சு. நாயை மட்டும் வாங்கினதா நெனச்சியோ? அந்த முடியையும் சேத்துத்தான் வாங்கியிருக்கே.

இப்பக் கேளு. நீ சீவுறது எதை? முதுகை. முதுகுல என்னைக்குலே சிக்கு விழுந்துச்சு? கையைக் கொண்டா. காதுக்குப் பின்னால தடவு. முன்னங்கால் அக்குள்ள விரலை விடு. கழுத்துப்பட்டை உரசுற எடம், தொடை இடுக்கு, வாலு அடி. தட்டுப்படுதா, கட்டி கட்டியா? மேலாக்கப் பளபளன்னு இருக்கு, போட்டோவுக்கு ஆச்சு. அடியில உதுந்த முடி வெளிய வர வழியில்லாம, நிக்கிற முடியோட பின்னி இறுகிக் கெடக்கு. எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் அந்தக் கட்டி தோலைப் பிடிச்சு இழுக்குது. நடந்தா வலி, படுத்தா வலி. இந்த லெச்சணத்துல நீ வேற பிரஷை நீட்டுறே. நம்ம மேந்தோலு 10, 15 அடுக்குன்னா நாய்க்கு 3லேருந்து 5 தானாம். கால்நடை டாக்டரு சொல்லிக் கேட்டது. நம்பலையா? அந்தக் கம்பி பிரஷை ஒன் முழங்கை உள்பக்கமா நாலு இழுப்பு இழுத்துப் பாரு. ஏன் கையை எடுக்கே? நீயும் சென்சிட்டிவோ?

ஒங்க பாட்டி ஒங்க அத்தைக்குச் சிக்கெடுத்ததை நீ பாத்ததில்லை. ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல பிள்ளையை உக்கார வச்சுக்குவா. சடையை ஒரு கையில இறுக்கிப் பிடிச்சுக்குவா. கைக்கும் சீப்புக்கும் நடுவுலதான் இழுப்பெல்லாம், மண்டைக்குப் போகாது. நுனியில ஆரம்பிப்பா. நுனி அவுந்தா நடு, நடு அவுந்தா அடி. நாய்க்கும் அம்புட்டுத்தான். முடியை வகிடெடுத்து ஒரு வரி சீவு, அப்புறம் அடுத்த வரி. கட்டியை மொதல்ல விரலாலயே பிரி. கொஞ்சம் மக்காச்சோள மாவு தூவிக்கோ, வழுக்கிக் கொடுக்கும். எல்லாம் முடிஞ்சதும் சீப்பு அடித்தோல் வரைக்கும் தடங்கல் இல்லாமப் போகுதான்னு பாரு. பிரஷு பொய் சொல்லும், சீப்பு சொல்லாது.

சிக்கோட குளிப்பாட்டாதே. தண்ணி பட்டுக் காஞ்சா கட்டி இன்னும் இறுகும். மொதல்ல சிக்கு, அப்புறம் தண்ணி. நீ என்ன செய்றே? ஞாயித்துக்கெழமை ஷாம்பு, திங்கக்கெழமை அழுகை. கத்திரிக்கோலையும் தூர வையி. கட்டிக்குள்ள தோலு எழும்பி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. நறுக்குன்னு வெட்டிட்டுத் தையல் போட ஓடுவியா? அவுக்கவே முடியாத கட்டின்னா மெஷினு வச்சிருக்கவன்கிட்ட காட்டு, வழிச்சுத் தருவான். ஷிட்ஸூவுக்கு முடி வளந்துரும். யாரு மானமும் போயிராது. ஆனா ஆளைப் பாத்துக் காட்டு. போன மாசம் ஸ்பான்னு ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனியே, கழுத்துல சுருக்கு மாட்டி மூஞ்சிக்கு நேரா காத்து மெஷினை விட்டாங்களாமே. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நீ காப்பி குடிச்சியாம். நல்லா இருந்துச்சா காப்பி?

நாய் சொல்லத்தான் செய்யுது. மொதல்ல உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். மூஞ்சியைத் திருப்பும். வெறைச்சு நிக்கும். அதுக்கும் நீ மசியலைன்னா உறுமும். உறுமுனதுக்கு நீ தலையில தட்டுறே. தட்டித் தட்டி உறுமலை மறக்கடிச்சா அடுத்தது என்ன? நேரே பல்லுதான். குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொன்னவன், உறுமுற நாயைப் பத்தி ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு நெனைக்கே? சொல்ல விட்டிருக்காது.

ஒரு தடவைக்கு ரெண்டு நிமிசம் போதும். சீப்பைக் காட்டு, வேகவச்ச கோழியில ஒரு துண்டு கொடு. வலிக்காத எடத்துல ஒரு இழுப்பு, இன்னொரு துண்டு. அது எந்திரிச்சுப் போறதுக்கு முன்னால நீ எந்திரிச்சுப் போயிரு. இன்னைக்கு ஒரு காது, நாளைக்கு மறு காது. ஒரே உக்காருல முடிக்கணும்னு நாய்க்கு என்ன அவசரம்? ஒனக்குத்தான் ரீல்ஸு போடணும்.

நேத்து வரைக்கும் சும்மா சீவ விட்ட நாய் இன்னைக்குச் சீறுதுன்னா, சீப்பைத் தள்ளி வச்சுட்டுக் காதைத் தூக்கிப் பாரு. நாத்தம் அடிக்குதா? விரலிடுக்குல உண்ணி இருக்கா? வயசான நாய்னா இடுப்பு வலியா? அதெல்லாம் டாக்டரு சோலி. நீ நாலாவது பிரஷுக்கு ஆர்டர் போட்டு என்ன பண்ண?

ஒன் கூட்டாளி நேத்து போன்ல என்ன சொன்னான்? வெயிலு தாங்காதாம், கோல்டனுக்கு மொட்டை போடப் போறானாம். கோட்டிப்பய. நமக்கு வேர்க்கிறாப்ல நாய்க்கு ஒடம்பெல்லாம் வேர்க்குமாலே? பாதத்துல கொஞ்சம் வேர்க்கும். மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு எளைச்சுத்தான் சூட்டை எறக்கும். மொட்டை போட்டா வெயிலு நேராத் தோலுல அடிக்கும். வழிச்ச முடி பழையபடி வராமலும் போகும். உதுந்த அடிமுடியைச் சீவி எடுத்துட்டா உள்ள காத்து போகும். நெழலும் தண்ணியும் வைக்கச் சொல்லு. மொட்டைதான் போட்டாகணும்னா திருச்செந்தூருக்கு பஸ்ஸு ஏறட்டும். நாயை வீட்டுல விட்டுட்டுப் போகச் சொல்லு.