பயணப் புல்லட்டின் அகமும் புறமும்

நெடும்பயணத்துக்கென்று பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 ஒன்றை வாங்கியவர், அந்த எஞ்சினில் முதலில் எதை மாற்ற வேண்டும் என்னும் வினா இதுவரை முறையான ஆய்வுக்கு ஆட்படவில்லை. மெக்கானிக் கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்களின் மேல் அமர்ந்து நிகழ்த்தப்பட்ட விவாதங்கள் ஏராளம் உண்டு. அவை வாய்மொழி இலக்கியத்தில் சேரும்.

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பின் திருவொற்றியூரில் பிறந்த வார்ப்பிரும்பு வண்டிகளே இங்கு ஆய்வெல்லை. சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி., திறன் 18 குதிரை. ஆயில் கசிவு இயல்பெனக் கொள்ளப்படும். கசியாத வண்டியில் ஆயில் இல்லை என்பது முன்னோர் துணிபு.

எஞ்சின் மேம்பாடு அகம், புறம் என இருவகைப்படும். பிறர் காதில் விழுவது புறம். ஓட்டுபவர் மட்டுமே உணர்வது அகம். புறத்துக்குத் தலைமை சைலன்சர். ஷார்ட் பாட்டில் மாட்டிய வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடலாம். இப்பயனை அளக்கும் கருவி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இல்லை. அஃதேல், சைலன்சரை மாற்றினால் திறன் ஏறாதோ எனின், அதனால் மட்டும் ஏறாது என்க. என்னை? புகை தடையின்றி வெளியேறினால் காற்று கூடுதலாக உட்புகும். காற்றுக்கேற்பப் பெட்ரோலும் சேர வேண்டும். சேராவிடில் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினால் தீர்ந்தது. அதைச் செய்வோர் சிலர். அந்த வெடிச்சத்தத்துக்காகவே மாட்டுவோர் பலர்.

அகத்துக்குத் தலைமை, 350ஐ 500 ஆக்குதல். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே; விட்டம் மட்டும் 70க்குப் பதில் 84. “எப்படியும் ஹெட்டை இறக்கப் போறோம் தம்பி, அப்படியே ஐந்நூறு ஆக்கிட்டா வேலை முடிஞ்சுது” என்பது மெக்கானிக் வாக்கு. ‘முடிஞ்சுது’ என்றவர் அடுத்த மூச்சிலேயே பேரல், பிஸ்டன், ஹெட் என்று பட்டியல் எழுதத் தொடங்குவதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். கனத்த பிஸ்டனுக்கு கிராங்க் சமநிலை மாறும். ஹேண்டில் அதிர்வு கூடும். அந்தச் செலவு பட்டியலின் பின்பக்கத்தில் வரும்.

பயன் என்ன? 18 குதிரை 22 ஆகும். மேட்டில் இழுவை நன்றாகவே தெரியும், மறுப்பதற்கில்லை. ஆனால் வேகம் கூடக் கூடக் காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. அதனால் 22 விழுக்காடு திறன் கூடியும் உச்ச வேகம் சுமார் 7 விழுக்காடுதான் கூடும். 110இல் மூச்சு வாங்கிய வண்டி 117இல் வாங்கும். இரு பக்கமும் பெட்டி கட்டி, பின்னால் கூடாரத்தையும் பாயையும் குறுக்காக வைத்தால் அந்த ஏழும் திண்டிவனம் தாண்டுவதற்குள் காற்றோடு போகும்.

ஆர்.சி. புத்தகத்தில் 346 என்று அச்சிட்டிருப்பது தனிச் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆக, அகத்திணைத் தலைவன் தன் மேம்பாட்டை ஊரறியச் சொல்லவும் இயலாது. களவொழுக்கம் எனலாம்.

இவ்வளவும் பெரும்பாலும் லடாக் போவதற்காகச் செய்யப்படுகிறது என்பதே இவ்வாய்வின் உருக்கமான பகுதி. கர்துங் லா உச்சியில் நெடுநாள் நின்ற பலகை 18,380 அடி என்றது. அளந்தவர்கள் சொல்வது 17,582. பலகையையும் யாரோ மேம்படுத்தியிருக்கிறார்கள். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. பணம் கொட்டி வளர்த்த 22 குதிரைகளில் பன்னிரண்டுக்கு மேல் மேலே வந்து சேராது. திருவான்மியூரில் மாற்றமின்றி நின்ற 18ஐவிட இது குறைவு. கார்புரேட்டரோ பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றி, கரும்புகை கக்கும். சென்னையில் பெரிதாக்கிய அதே ஜெட்டை லேயில் சிறிதாக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது முன் ஸ்பிராக்கெட். 16 பல்லுக்குப் பதில் 17 போட்டால், 4,000 சுற்றில் ஓடிய அதே வேகத்துக்கு ஏறத்தாழ 3,765 போதும். அதிர்வு தணியும், பெட்ரோல் மிஞ்சும், பின்னிருக்கையில் அமர்ந்தவர் விழுப்புரத்தில் இறங்கி முதுகைப் பிடிக்க மாட்டார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கியர் கூடுதலாக இறக்க வேண்டிவரும், அவ்வளவே குறை. நெடும்பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

எனினும் இதை முதலில் கேட்டு வாங்குவோர் அரிது. கிளட்சைக் கழற்றி பிரைமரி கேஸை இறக்கினால்தான் அந்தப் பல் கண்ணில் படும். மூடிய பின் யாருக்கும் காட்ட முடியாது. டீக்கடையில் நிறுத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு பல் கூடிய ஸ்பிராக்கெட்டிலிருந்து சத்தம் வரவழைக்க இயலுமா என்பது மேலாய்வுக்குரியது. நிதி வழங்க விரும்புவோரை எதிர்நோக்குகிறோம்.