யோசனை இலவசம்

மிக்சி ஜாரின் மூடி ஏன் சரியாக உட்காரவில்லை என்பது அதைத் தயாரிப்பவரைவிடச் சட்னி அரைப்பவருக்கே நன்றாகத் தெரியும். அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் கம்பெனிக்கு எழுதலாமா? தாராளமாக எழுதலாம், பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படித்துவிட்டு.

ஆப்பிள் நிறுவனத்திடம் ஒளிவுமறைவே இல்லை. கேட்காத யோசனைகளை அனுப்பாதீர்கள், மீறி அனுப்பினால் அது எங்கள் சொத்து, காசு கிடையாது என்பதைக் கொள்கையாகவே அறிவித்திருக்கிறது. மொய் எழுதினாலாவது சாப்பாடு உண்டு!

பொம்மை நிறுவனமான லெகோ கொஞ்சம் தாராளம். உங்கள் பொம்மை வடிவத்துக்கு 10,000 பேரின் ஆதரவைத் திரட்டி, பிறகு நிறுவனத்தின் பரிசீலனையிலும் தேறினால், நிகர விற்பனையில் 1 சதவீதம் உங்களுக்கு. மீதி 99-ஐச் சுமக்கும் சிரமத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அமெரிக்கரான ராபர்ட் கேர்ன்ஸ், விட்டுவிட்டு இயங்கும் வைப்பரைத் தன் ஃபோர்டு காரில் பொருத்தி, ஃபோர்டு பொறியாளர்களிடமே பெருமையாகக் காட்டினார். அத்தகைய வைப்பர் 1969-ல் அந்த நிறுவனத்தின் கார்களில் வந்தது. அவருக்குப் பணம்தான் வரவில்லை. காப்புரிமை கையில் இருந்ததால் 1978-ல் வழக்குப் போட்டார். 1990-ல் ஒரு கோடி டாலருக்குமேல் கிடைத்தது. இடையில் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டார்.

ஆகவே குறையைக் கம்பெனிக்கு எழுதுங்கள். தீர்வைக் காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். குறைகளை எப்படியும் அவர்கள் படிக்கப்போவதில்லை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.