கிணற்றடிச் சுவரும் ஓல்சா ஆறும்

செஷின், போலந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். குளிரில் மூக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், மற்றபடி குறையில்லை. சித்தப்பாவோடு பேச்சு முறிந்து, கிணற்றடியில் சுவர் எழுப்பக் கொத்தனாருக்குச் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். அவர் கரண்டியை எடுப்பதற்குள் இந்த ஊர்க் கதையைக் கேட்டுவிடுங்கள்.

இந்த ஊரை உண்டாக்கியதே அண்ணன் தம்பிகள்தானாம். ஓர் அரசனின் மூன்று மகன்கள், பிரிந்து அலைந்து, 810இல் ஓர் ஊற்றருகே சந்தித்தார்களாம். அந்தச் சந்தோஷத்தில் கட்டிய ஊருக்கு மகிழ்ச்சி என்ற பொருளிலேயே பேர் வைத்தார்களாம். 'மூன்று சகோதரர் கிணறு' இன்றும் இருக்கிறது. கவனியுங்கள், சேர்த்துவைத்தது கிணறு!

ஊரார் வழக்கையும் தீர்த்த ஊர் இது. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சண்டையைவிடக் கிழங்கு பறிப்பதிலேயே மும்முரமாக இருந்த 'உருளைக்கிழங்குப் போர்' 1779இல் இங்கேதான் சமாதானமானது.

சொந்த வழக்கில்தான் சறுக்கல். 1920இல் வல்லரசுகளின் தூதர்கள் இந்த ஊரையே இரண்டு நாடுகளுக்குப் பாகம் பிரித்தார்கள். ஓல்சா ஆறு வரப்பு. கோட்டையும் கடைவீதியும் போலந்துக்கு. ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. வீடு ஒருவனுக்கு, வாசற்படி இன்னொருவனுக்கு! 1911 முதல் பாலம் தாண்டி ஓடிய டிராம், அக்கரை வெளிநாடாகிவிடவே 1921இல் நின்றது. 1938இல் போலந்து அக்கரையையும் பிடுங்கிக்கொண்டது. மறுவருஷமே ஹிட்லர் வந்து இரண்டு பங்கையும் விழுங்கினான். போருக்குப் பிறகு பழைய வரப்பே திரும்பியது.

2007 டிசம்பரில் சோதனைச்சாவடிக்கு வேலை போனது. இப்போது காபி குடிக்க நடந்தே வெளிநாடு போகிறேன். போலந்தின் 20 ஸ்வோட்டி நோட்டில் இந்த ஊரின் பழைய வட்டக்கோயில் படம் இருக்கிறது. அதே நோட்டை அக்கரையில் நீட்டினால், செக் பணமான கொருனா இருக்கிறதா என்கிறார்கள். இங்குள்ள பெரியவர்களிடம் ஊர், நாடு என்று ஏதாவது கேட்டால், "ஸ்தெலா" என்பார்கள். 'இங்கத்துக்காரன்' என்று அர்த்தம். அத்தோடு பேச்சு முடிந்தது.

1955 முதல் இங்கே செய்யும் 'பிரின்ஸ் போலோ' சாக்லேட் வேஃபர் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே ஒரே பெட்டி. பாதி சித்தப்பாவுக்கு, நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

சுவர் எழுப்பியே தீருவதென்றால், கொத்தனாரிடம் ஒரு கதவுக்கும் சேர்த்து அளவெடுக்கச் சொல்லுங்கள். கதவில்லாமல் பிரித்துவிட்டு, இவர்கள் வழி திறக்க 87 வருஷம் ஆனது. உங்களுக்கு இப்போதே முழங்கால் வலி.

உங்கள் அன்பு மகன்