குளத்து முதலாளியின் செல்வநிலை

சொந்தத் தொழில் உடையவர் செல்வரும் ஆவார், நிம்மதியானவரும் ஆவார் என்னும் பொதுக் கருத்தைச் சோதிக்க விரும்பும் ஆய்வாளர், இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையில், சிலாபம் முதல் முந்தல், புத்தளம் களப்புவரை பரந்துகிடக்கும் இறால் பண்ணைகளைக் காண்பது நன்று. 1980களில் பெருகிய இத்தொழிலில், முதலாளி எனப்படுபவரின் நிகரச் சொத்து, அதாவது கடன் போக எஞ்சும் உடைமை, ஏறத்தாழ நான்கு மாதங்கள் உவர்நீருக்கடியில் நீந்திக்கொண்டிருப்பதால், அதை எண்ணிப் பார்க்கவோ அடகு வைக்கவோ இயலாது. தீனி தின்பதில் மட்டும் அது குறைவைப்பதில்லை. கூலிக்குக் காவலிருப்பவர் தம் முறை முடிந்ததும் உறங்கிவிட, காற்றூட்டும் சக்கரத்தின் ஒலி நின்றுவிட்டதோ என்று நள்ளிரவில் எழுந்து செவிகொடுக்கும் உரிமை உரிமையாளருக்கே உரியது.

தொழில் தனியுடைமையாயினும் தண்ணீர் பொதுவுடைமை என்பது இங்குள்ள நுட்பம். ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரெடுத்த பண்ணைகள் கழிவுநீரையும் அதிலேயே விட்டமையால், ஓட்டில் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றி இறால்கள் சில நாள்களிலேயே மடியும் வெண்புள்ளி நோய் 1996இல் பரவியபோது, இலாபத்தை ஒருபோதும் பகிர்ந்திராத அயலவர் நட்டத்தை மட்டும் சமத்துவத்துடன் பகிர்ந்துகொண்டனர். பின்னர், வலயம் வலயமாக முறைவைத்துக் குஞ்சு விடும் பருவ அட்டவணை வந்தது; எவருக்கும் கைகட்டி நிற்க வேண்டாமென்று தொழில் தொடங்கியவர், தம் குளத்தில் தாம் எப்போது தொழில் செய்யலாம் என்பதை அதைப் பார்த்தே அறிந்துகொள்கிறார். கைவிடப்பட்ட குளங்களின் உரிமையாளர்களும் ஊரில் முதலாளி என்றே விளிக்கப்படுகின்றனர். அந்தப் பட்டத்துக்கு மட்டும் வங்கி வட்டி கேட்பதில்லை.