ஒரு பெட்டி சவர்க்காரமும் மூன்று தீவு மின்சாரமும்

மூன்று இடத்தில் விலை கேள், தரம் பார், தவணை பேசு, பிறகு வாங்கு. சிறுவியாபாரிக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நெடுந்தீவுக்கும் வந்து சொல்லுவார்கள். பதாகை கட்டி, விளக்கேற்றி, வடையும் தேநீரும் கொடுத்து, வழங்குநரைத் தெரிவுசெய்வது எப்படி என்று படம் போட்டுக் காட்டுவார்கள். கடைசிப் படகு போய்விடுமே என்ற பதற்றத்தில் கேள்வி நேரத்தை மட்டும் வெட்டிவிடுவார்கள்.

அந்தப் பதற்றம் இருக்கிறதே, அதுதான் பாடம். மற்றதெல்லாம் வடை.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் கடை வைத்திருப்பவரின் வாசலில் கொம்பனியே வந்து நிற்கிறது. றெப் வருகிறார், ஓடர் எடுக்கிறார், பின்னால் லொறி வருகிறது. உடைந்ததையும் திகதி முடிந்ததையும் திருப்பி எடுக்கிறார்கள். இத்தனை பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று ஆசையும் காட்டுகிறார்கள். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று போகப்போக இந்த உபசாரம் மெலிந்துகொண்டே வரும். குறிகட்டுவான் துறையோடு தார் றோட்டு முடிகிறது. கொம்பனிகளின் இலங்கையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. எதிரே நயினாதீவு வெறுங்கண்ணுக்குத் தெரியும். அம்மன் கோபுரம் தெரியும், நாகவிகாரை தெரியும். றெப்புக்கு மட்டும் தெரியாது.

ஆகவே கடைக்காரரே யாழ்ப்பாணம் போகிறார். மொத்தக் கடையில் காசை எண்ணி வைக்கிறார். கடன் கேட்டால், "நீங்கள் தீவுப் பக்கம் அண்ணை, காத்தெழும்பினால் ஆளைப் பிடிக்கேலாதே" என்று சிரித்தபடி பதில் வரும். சாமான் பட்டாவில் ஏறிக் குறிகட்டுவானுக்கு வர ஒரு கூலி. துறையில் இறக்க ஒரு கூலி. படகில் ஏற்ற ஒன்று, படகுக்கு ஒன்று, நெடுந்தீவு மாவிலித்துறையில் இறக்க ஒன்று, அங்கிருந்து கடைக்கு லாண்ட்மாஸ்டருக்கு ஒன்று. பிஸ்கட் பெட்டியின்மேல் முட்டைத் தட்டு. முட்டைத் தட்டின்மேல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் ஆச்சியின் மருந்துப் பை. சோழகம் அடிக்கிற நாளில் தண்ணீர் பக்கவாட்டால் ஏறி வந்து சீனி மூட்டையின் ஒரு மூலையைக் கல்லாக்கிவிடும். அந்தக் கட்டியைக் கையால் நசுக்கி, கறுத்த பகுதியைச் சுரண்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நிறுத்துக் கொடுக்க வேண்டும். எறிந்தது யார் கணக்கில்? எந்தச் செயலமர்விலும் அதற்குப் படம் கிடையாது.

இவ்வளவும் முடிந்து சவர்க்காரம் தட்டில் ஏறும்போது, உறையில் ஒரு விலை அச்சடித்திருக்கும்: ஆகக்கூடிய சில்லறை விலை. கொழும்பில் குளிரூட்டிய சுப்பர் மார்க்கெட்டில் என்ன விலையோ அதே விலை. அதற்கு மேல் வாங்கினால் குற்றம். அரசாங்கம் வர்த்தமானியில் உச்ச விலை குறித்த சாமானென்றால் இன்னும் மோசம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தை 2021இல் திருத்தி, தனி வியாபாரிக்கான தண்டத்தின் அடிமட்டத்தையே ஒரு இலட்சம் ரூபாவாக்கினார்கள். பதுக்கல் முதலைகளைப் பிடிக்க வீசிய வலையாம். வலையை அறுத்துக்கொண்டு போவது யார், கண்ணியில் சிக்கிக்கொள்வது யார் என்று கடலோடிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் வாங்குகிறவரைக் காக்க வந்தது, சரி. நெடுந்தீவில் வாங்குகிறவரும் ஏழைதான். அவர் தலையில் கூலியைக் கட்டுவது நியாயமென்று நான் சொல்லவில்லை. ஆனால் கூலி என்று ஒன்று இருக்கிறது. அதை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். இங்கேதான் அரசாங்கத்தின் அறிவுக்கூர்மையைப் பார்த்து மெய்சிலிர்க்கிறது. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஓடும் குமுதினிப் படகு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. அந்தக் கந்தோரின் ஏட்டில் கடல் ஒரு வீதி. விலை குறிக்கும் கந்தோரின் ஏட்டில் கடலே கிடையாது. இரண்டு கந்தோருக்கும் சம்பளம் ஒரே திறைசேரியிலிருந்துதான் போகிறது.

இதனால் தீவுக் கடைக்காரர் ஆள் பிடிக்கும் முறை வேறு. விலையை அவர் கடைசியில்தான் கேட்பார். வாடை எழும்பிப் படகு நின்றுபோனால், எனக்கென்று எடுத்துவைத்த மூட்டையை வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவாயா? நனைந்த பெட்டியில் பாதி நட்டத்தை நீ ஏற்பாயா? நயினை அம்மனுக்குக் கொடியேறினால் சோடா முதலில் எனக்கா, பட்டினத்துப் பெரிய கடைக்கா? இப்படிக் கேட்டு, முகத்தைப் பார்த்து, பழைய கணக்கை நினைத்துத்தான் தெரிவு செய்வார். மச்சான் கடையென்றாலும் துண்டில் எழுதி வாங்குவார். எல்லாச் சாமானையும் ஒரே ஆளிடம் எடுக்கமாட்டார். புங்குடுதீவாரும் காரைநகராரும் நயினாதீவாரும் சிங்கள ஊர்களின் சந்திகளில் கடை போட்டு நிமிர்ந்தது இந்தப் புத்தியால். 1958, 1977, 1983 கலவரங்களில் கொளுத்தக் கொளுத்த, எரிந்த கடையை மறுபடி திறந்ததும் இந்தப் புத்தியால்தான்.

இதில் கால்வாசி அமைச்சரவைக்கு இருந்திருந்தால் மூன்று தீவுகளின் கதை வேறாக இருந்திருக்கும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் தேசிய மின்வலை எட்டவில்லை. டீசலைக் கடலால் கொண்டுவந்து ஜெனரேற்றரில் ஊற்றி எடுத்த கரண்ட்தான். வெயில் மண்டையைப் பிளக்கிற, வருடம் முழுக்கச் சோழகமும் வாடையும் முறைவைத்து வீசுகிற ஊருக்கு எண்ணெய்ப் பீப்பாவிலிருந்து வெளிச்சம்! சூரியனையும் காற்றையும் பற்றரியையும் சேர்த்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசோடு ஒரு திட்டம் வந்தது. கேள்விப்பத்திரம் கோரினார்கள். 2021 ஜனவரியில் சீனாவின் சினோசோர், இடெக்வின் கூட்டு நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் டொலர்.

டெல்லிக்கு வியர்த்துவிட்டது. எதிர்ப்புத் தெரிவித்தது, கடன் எதற்கு, அதே வேலையை நாங்கள் நன்கொடையாகவே செய்து தருகிறோம் என்றது. கொழும்பு சீனாவுக்கும் தலையாட்டியது, இந்தியாவுக்கும் தலையாட்டியது. 2021 டிசம்பரில், மூன்றாந்தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சூரிய மின்சாரம் அமைக்க ஒப்பந்தம் எழுதிவிட்ட செய்தியையும் கூடவே போட்டுக் குத்தியது. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி, வெறும் மேலோடு நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். ஓடர் போன கொம்பனியின் றெப்பைவிட அவருக்கு நாகரிகம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது மூன்று தீவுத் திட்டம் இந்தியாவுக்கென்று கையெழுத்தானது. அந்த மாதக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் நின்றது. தீவுக்காரனின் இருட்டைக் கொழும்பும் கொஞ்சம் ருசி பார்த்தது. அதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அதற்குப் பிறகும் வேலைக்கு ஆள் பிடிக்க இரண்டு வருடம் போயிற்று. 2024 மார்ச் 1ஆம் திகதிதான் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் எழுதினார்கள்: மூன்று தீவுக்குமாக 2,230 கிலோவாற், 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடை.

இதே முறையில் ஒரு கடைக்காரர் ஒரு பெட்டி சவர்க்காரம் வாங்கினால் எப்படியிருக்கும்? விலை கேட்டு ஒரு மொத்தக் கடைக்குச் சரி என்கிறார். வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்க்கிறார்: "தம்பி, அவன்ர சவுக்காரம் உன்ர கடையில இருந்தா என்ர வீட்டுக்கு ஆபத்து. நான் சும்மா தாறன்." அதற்கும் சரி என்றுவிட்டு, கடையைப் பூட்டிப் பின்வளவுக்குள் ஒளிந்துகொள்கிறார். ஒரு வருடம் போகிறது. முதல் கடைக்காரன் சவர்க்காரத்தை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, போகிற வழியில் கோயிலுக்குள் ஒரு கும்பிடு போடுகிறான். பெரியவரோடு கைகுலுக்கிப் படம் எடுக்கிறார்கள். பெட்டியை யார் தூக்கி வருவது என்று முடிவெடுக்க இன்னும் இரண்டு வருடம். இவ்வளவு காலமும் வாடிக்கையாளர் குளிக்கவில்லை.

இப்படிக் கடை நடத்துகிறவரை நெடுந்தீவில் விசரன் என்பார்கள். கொழும்பில் அதற்கு வெளிநாட்டுக் கொள்கை என்று பெயர்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதாம். பார்க்கத்தான் வேண்டும். நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் சுமார் 50 கிலோமீற்றர். கொழும்பு அதைப் போலப் பல மடங்கு தூரம். அந்த 50 கிலோமீற்றருக்குள் ஒரு சீனச் சூரியத்தகடு வந்தால் பாதுகாப்புப் பிரச்சினை. அதே 50 கிலோமீற்றரைக் கடந்து இரவில் வரும் இழுவைமடிப் படகுகள் நெடுந்தீவான் விரித்த வலையை அறுத்து, கடலின் அடியை வழித்துக்கொண்டு போனால், அது மனிதாபிமானத்தோடு அணுக வேண்டிய விடயம். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. சட்டம் கொழும்பில் பத்திரமாக இருக்கிறது. அறுந்த வலை கடைக்காரரின் கொப்பியில் வந்து சேர்கிறது, கடனாக: அரிசி இவ்வளவு, மா இவ்வளவு, போன மாத மிச்சம் இவ்வளவு. பகலில் வெளிச்சம் தருகிறேன் என்கிற அயலவரிடம், இரவில் வருகிற உன் ஆட்களுக்கு என்ன சொல்கிறாய் என்று பேரத்தின்போதே கேட்டிருக்க வேண்டாமா? ஒரு மூட்டை பருப்பு எடுக்கும்போதுகூடப் பழைய பாக்கியைப் பேசித்தானே எடுக்கிறோம்!

கொழும்பிடம் கேட்பது இரண்டே இரண்டு. தீவுகளில் விற்கும் சாமானின் உச்ச விலையில் கடற்கூலியைச் சேர்த்து வர்த்தமானியில் போடுங்கள். அதற்கு மனமில்லையென்றால், கடலை வீதியென்று ஏட்டில் எழுதி வைத்திருக்கும் அதிகாரசபையே அந்தக் கூலியைச் சுமக்கட்டும். கடைக்காரரும் வேண்டாம், வாங்குகிறவரும் வேண்டாம். அடுத்தது, இந்தத் தீவுகளின் பெயரால் யாரோடு எந்த ஒப்பந்தம் எழுதினாலும் தமிழில் எழுதி, நெடுந்தீவு பிரதேச சபையில் ஊர்ச்சனம் கேட்க வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பற்றரி எத்தனை வருடம் உழைக்கும், பழுதானால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், படகு நின்ற நாளில் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இது மூன்றும் தெரியாமல் நெடுந்தீவில் ஒருவரும் பழைய குளிர்சாதனப் பெட்டிகூட வாங்குவதில்லை.