அக்கேஷனலி சார்

எங்கள் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். உங்கள் தெருவில் வேறு பெயராக இருக்கலாம். ஆள் இருப்பார், சந்தேகமே வேண்டாம். சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரென் அண்ட் மார்ட்டினை நெட்டுருப் போட்ட தலைமுறை. கடையில், கோயிலில், காய்கறி வண்டியிடம் எல்லாம் நல்ல தமிழ்தான் பேசுவார். "எத்தனை தடவை?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்.

"சிகரெட் உண்டா சார்?"

"அக்கேஷனலி."

"ராத்திரி பரோட்டா?"

"செல்டம்."

"மத்த பழக்கம்...?"

குரல் தாழும். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்."

'எப்பவாவது' என்று அவர் தமிழில் சொன்னால், வாரத்துக்கா மாசத்துக்கா என்று கேட்க நமக்கு நாக்கு துறுதுறுக்கும். இங்கிலீஷில் சொன்னாலோ, அதற்கு மேல் குடைவது மரியாதையில்லை என்று நாமே அடங்கிவிடுகிறோம். இந்த மர்மத்தை அவர் உத்தியோக காலத்திலேயே பிடித்துவிட்டார். தாமதமாக வந்ததற்கு மெமோ கொடுத்தால், 'நவ் அண்ட் தென்' என்று விளக்கம் எழுதியே காலத்தை ஓட்டியவர்.

நல்ல காரியம் என்றால் கணக்கு தலைகீழ். வாக்கிங் 'டெய்லி'. அதற்கென்று வாங்கிய ஷூவின் அடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மகனுக்குப் பெண் தேடி ஒரு மேட்ரிமோனி தளத்தில் பதிந்தபோது, குடிப்பழக்கம் என்ற இடத்தில் ஆம், இல்லை என்பவற்றோடு 'அக்கேஷனலி'யும் இருப்பதைப் பார்த்தார். கட்சிக்கு அங்கீகாரம் கிடைத்த மாதிரி பூரித்துப்போய் அதையே தட்டிவிட்டார். பெண்ணைப் பெற்றவர் விவரமான ஆசாமி. "வருஷத்துல எத்தனை அக்கேஷன் வருமுங்க?" என்று கேட்டுவிட்டார். சனிக்கிழமைகளைச் சேர்ப்பதா, விடுவதா என்று சார் தடுமாறியதில் அந்த இடம் தட்டிப்போனது.

எல்லாம் சர்க்கரை வரும் வரைதான். டாக்டர் 'மூணு மாச சர்க்கரை' பார்க்கச் சொன்னார். எச்பிஏ1சி. முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாத சோதனை; இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் ஓடிய சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும். 6.5 தொட்டாலே சர்க்கரை நோய். சாருக்கு 8.9.

"ஸ்வீட் சாப்பிடுவீங்களா?"

"ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன், டாக்டர்."

"திங்கள், புதன், வெள்ளி பாதுஷா, டாக்டர்," என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. "ஞாயித்துக்கிழமை கடைக்காரரே கேட்பார், என்ன சார் இன்னிக்குக் காணோமேன்னு."

இது நடந்தது 2023 ஆகஸ்டில். அந்த மாதம் இரண்டு பௌர்ணமி. இரண்டாவது வருவதைத்தான் ப்ளூ மூன், சூப்பர் ப்ளூ மூன் என்று பத்திரிகைகள் கொண்டாடிக்கொண்டிருந்தன. மகள் வயிற்றுப் பேத்தி பாட்டிக்கு விளக்கம் சொன்னாள்: ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அதனால் முப்பது, முப்பத்தோரு நாள் மாதங்களில் எப்போதாவது ஒன்று கூடுதலாக விழும்; சராசரியாக இரண்டே முக்கால் வருஷத்துக்கு ஒருமுறை. நிலா நீலமாகவெல்லாம் இருக்காது.

"அடுத்தது எப்போடி?"

"2026 மே 31, பாட்டி. அதுக்கப்புறம் 2028 டிசம்பர் 31."

பாட்டி எழுந்து போய்க் காலண்டருக்குப் பின்பக்கம் இரண்டு தேதியையும் சிவப்புப் பேனாவால் எழுதினார். எதிரே 'பாதுஷா - 1' என்று போட்டார். "உங்க வாயால சொன்னதுதாங்க, டாக்டரே சாட்சி."

சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துப் பார்த்தார். முதல் தேதியில் சற்று நேரம் நின்றார். இரண்டாவதில் முகம் தெளிந்தது.

"டிசம்பர் 31 நியூ இயர்ஸ் ஈவ் ஆச்சே. அது தனி அக்கேஷன். இதுல சேராது."